கான்டெஸாவை கஸ்டம் ஷாப்ல விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, எடுத்துட்டு வந்துரலாமா?

தம்பி, மேலோட்டமா பாத்தா நீங்க கேட்டது வண்டியை எடுத்துட்டு வந்துரவா இல்ல கேஸ் போடவாங்கறதுதான், ஆனா எழுதியிருக்கறத முழுசாப் படிச்சா உள்ள வேற கேள்வி இருக்கு, நம்மள ஏமாத்துறாங்களா இல்ல இந்த வேலையே இப்படித்தானா, அது தெரியாமத்தான் உங்களுக்கு தூக்கம் போகுது. அப்பா ஓட்டுன 94 மாடல் பெட்ரோல் கான்டெஸா கார், திருமங்கலத்துல வீட்டு வாசல்ல நின்னு துருப்பிடிச்சுக்கிட்டு இருந்தத ஹாட் ராட் மாதிரி, அதாவது பழைய காரை வெட்டி மாத்தி பவர் கூட்டுன ஸ்டைல்ல ஆக்கணும்னு கோயமுத்தூர்ல ஒரு ஷாப்ல விட்டீங்க, ஆறு லட்சம், ஏழு மாசம்னு வாயால சொன்னாங்க, இப்ப ரெண்டு வருஷம் தாண்டிருச்சு, ஒன்பது லட்சம் குடுத்தாச்சு, எட்டு மாசமா "தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சிருச்சு"ன்னே சொல்லிக்கிட்டு இருக்காங்க, பளபளன்னு கறுப்பு பெயிண்ட் அடிச்ச போட்டோ மட்டும் வாட்ஸப்ல வருது, இப்ப இன்னும் ரெண்டு லட்சம் கேக்குறாங்க. இதுதான மேட்டரு.

நான் மதுரை கோ.புதூர் ஐ.டி.ஐ.ல மோட்டார் மெக்கானிக் படிச்சவன், அப்புறம் டிங்கரிங், பெயிண்டிங், என்ஜின் வேலை எல்லாம் ஒரே கூரைக்குள்ள நடக்குற ஒர்க்‌ஷாப்ல பல வருஷம் இருந்தேன், இப்ப பழைய வண்டி வாங்குறவங்களுக்காக போய்ப் பாத்து வண்டியோட நெலமை சொல்ற வேலை செய்றேன். உங்க வண்டியை நான் பாக்கல, அந்த ஷாப்காரர் தரப்பையும் கேக்கல, அதனால அவர் நல்லவரா கெட்டவரான்னு என்னால தீர்ப்பு சொல்ல முடியாது. நான் வக்கீலும் கிடையாது, சட்டம் பத்தி கீழ எழுதுறது வேலை பாக்குறவனுக்கு தெரிஞ்சிருக்க வேண்டிய அளவுதான், கேஸ்னு போறதா இருந்தா மதுரையில ஒரு நல்ல வக்கீலைப் பாத்துருங்க. ஆனா வேலை எந்த எடத்துல நின்னுருக்கும், ஏன் நின்னுருக்கும், நீங்க போய் எதப் பாக்கணும், அத உறுதியாச் சொல்லலாம்.

மொதல்ல அந்த எஸ்டிமேட் ஏன் பொய்யாப் போச்சுன்னு பாப்போம். ஹாட் ராட்ங்கறது அமெரிக்காவுல, அதுலயும் கலிஃபோர்னியாவுல வளந்த பழக்கம். 1932ல ஃபோர்டு கம்பெனி சாதாரண ஆளு வாங்குற விலைக்கு வி8 என்ஜின் வச்ச காரை விட்டாங்க, 65 குதிரைசக்தி, அந்தக் காலத்துக்கு அது பெரிய சங்கதி. அந்தப் பழைய ஃபோர்டுகளை பசங்க சல்லிசா வாங்கி மட்கார்டு எல்லாம் கழட்டி எடையைக் குறைச்சு, என்ஜினைத் தூண்டி விட்டு, காஞ்சு கெடக்குற ஏரிப் படுகைகள்ல ஓட்டிப் பாத்தாங்க, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ஊர் திரும்பின பசங்களால அது இன்னும் பெருசாகி 1948ல அதுக்குன்னே ஒரு மாசப் பத்திரிகை, 1951ல ரேஸ் சங்கம்னு வந்துருச்சு. இன்னைக்கு அங்க 1932 ஃபோர்டோட பாடியையே புதுத் தகடுல அடிச்சு விக்கிறாங்க, ஃப்ரேம் தனியாக் கிடைக்கும், என்ஜின் மவுண்ட்ல இருந்து கண்ணாடியைச் சுத்தி வர்ற ரப்பர் பீடிங் வரைக்கும் கேட்டலாக்கப் பாத்து ஆர்டர் போடலாம். அம்புட்டு வசதி இருந்தும் அங்கயே கஸ்டம் ஷாப்ல வண்டிய விட்டவங்க காசும் காலமும் டபுள் ஆயிருச்சுன்னு புலம்புறது சகஜம்.

நம்ம கான்டெஸாவுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. இங்கிலாந்துல வாக்ஸ்ஹால் கம்பெனி 70கள்ல வித்த காரோட அச்சை வாங்கி இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல விட்ட வண்டி அது, ஆரம்பத்துல அம்பாசடர்ல இருந்த அதே 1489 சிசி என்ஜின், பின்னாடிதான் இசுசு 1817 சிசி வந்துச்சு, 2002ல உற்பத்தியே நின்னு போச்சு. அப்புறம் பார்ட்ஸ்னா சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல தேடணும், இல்லன்னா இன்னொரு செத்த கான்டெஸாவை வாங்கி அதுல இருந்து கழட்டணும், அதுவும் இல்லன்னா தகட்டை வெட்டி வளச்சு கையால செய்யணும். ஒவ்வொரு பிராக்கெட்டும் புதுசா யோசிச்சு செய்யற வேலை. அதுக்கு ஒரு ஆளு ஆறு லட்சம்னு ரவுண்டா ஒரு தொகை சொல்றார்னா அது கணக்குப் போட்டு வந்த தொகையா இருக்க வாய்ப்பே இல்ல, நீங்க ஓடிராம இருக்க சொன்ன தொகை. இதுதான் நான் அந்த ஷாப்பு மேல வைக்கிற மொதல் குத்தம். வண்டியை முழுசாக் கழட்டி, மணல் அடிச்சோ சுரண்டியோ பழைய பெயிண்டை எடுத்து, தகடு எங்கெங்க மிச்சம் இருக்குன்னு பாக்குறதுக்கு முன்னாடி யாராலயும் ரேட் சொல்ல முடியாது. பழைய வீட்டுல பூச்சைத் தட்டுனப்புறம்தான் உள்ள செங்கல் எவ்வளவு அரிச்சிருக்குன்னு தெரியுற மாதிரிதான் இதுவும். நேர்மையான ஷாப்பா இருந்தா "கழட்டிப் பாக்குறதுக்கு இவ்வளவு, பாத்துட்டு மிச்சத்தச் சொல்றேன்"னு ரெண்டு கட்டமாத்தான் பேசியிருக்கணும்.

கான்டெஸாவுல இன்னொரு விஷயம் இருக்கு, இத நிறையப் பேரு கவனிக்க மாட்டாங்க. அந்த அமெரிக்க ஃபோர்டுல சேசிஸ் தனி, பாடி தனி, பாடியைத் தூக்கி ஓரமா வச்சுட்டு சேசிஸ்ல என்ன வேணாலும் செய்யலாம். நம்ம ஜீப், அந்தக் காலத்து லாரி எல்லாம் அந்த ஜாதி. கான்டெஸா அப்படி இல்ல, பாடியேதான் சேசிஸ். ஃப்ளோர் தகடு, கதவுக்கு அடியில நீளமா ஓடுற பாக்ஸ், அத நம்ம டிங்கர்மாரு ரன்னிங் போர்டுன்னு சொல்லுவாங்க, முன்னாடி என்ஜினைத் தாங்குற ரெண்டு கை, இதெல்லாம் சேந்துதான் வண்டியோட முதுகெலும்பு. தண்ணி தங்கி துருப்பிடிக்கிறதும் சரியா அதே எடத்துலதான். அந்தப் பாக்ஸை வெட்டி மாத்தும்போது உள்ள குறுக்க பைப் வச்சு வெல்டு அடிச்சு கதவு வாசலைப் பிடிச்சு நிறுத்திட்டுத்தான் வெட்டணும், அப்படிச் செய்யாம வெட்டுனா வண்டி நடுவுல லேசா தொங்கிரும், கதவு ஒட்டாது, அப்புறம் கதவை இழுத்து கீலை வளச்சு பட்டி போட்டு கேப்பை சமாளிப்பாங்க. வெளிய பாத்தா கறுப்பு கண்ணாடி மாதிரி மின்னும். போட்டோவுல ஒண்ணுமே தெரியாது.

இப்ப அந்த தொண்ணூறு பர்சென்ட் கணக்குக்கு வருவோம். பெயிண்ட் முடிஞ்சா வேலை முடிஞ்ச மாதிரி கண்ணுக்குத் தெரியும், ஷாப்காரருக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை. ஆனா அதுக்கப்புறம் என்னென்ன பாக்கி இருக்குன்னு பாருங்க: வயரிங் முழுசும், கண்ணாடி ஏத்தி பீடிங் போடுறது, கதவு லாக்கு, வின்டோ மெஷின், பிரேக் லைன், பெட்ரோல் லைன், ரேடியேட்டர், சைலன்சர், மேல் கூரைத் துணி, சீட்டுக் குஷன், டேஷ்போர்டு, மீட்டர் வேலை செய்யறது, புது என்ஜின்னா கியர் பாக்ஸ்ல இருந்து பின் வீலுக்கு சுழற்சியைக் கொண்டு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்டை அளவு பாத்து வெட்டி பேலன்ஸ் பண்றது, எல்லாம் முடிஞ்சு ஓட்டிப் பாத்து வர்ற குறையைத் தீக்குறது. என் அனுபவத்துல பெயிண்ட் முடிஞ்ச வண்டி ஏறக்குறைய பாதி வேலை முடிஞ்ச வண்டி, சில சமயம் அதுவும் கிடையாது. அதனால எட்டு மாசமா அதே எடத்துல நிக்கிறது பொய்யா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா தொண்ணூறுங்கற நம்பர் கண்டிப்பா தப்பு. டிங்கர், பெயிண்டர் எல்லாம் ஷாப்லயே இருப்பாங்க, வயரிங் தெரிஞ்ச ஆளு, குஷன்காரர், லேத்துக்காரர் வெளிய இருந்து வரணும், அவங்களுக்கு இந்த ஒத்தை வண்டியை விட தினமும் காசு வர்ற வேலைதான் முக்கியம், ஆக வண்டி பெயிண்ட்டோட உக்காந்துரும். இது எந்த ஊரு ஷாப்லயும் நடக்குற கதை.

அதே நேரம் ஒண்ணு கேக்கணும், ரொம்ப முக்கியமானது. பெயிண்டுக்கு முன்னாடி வண்டியை வெறும் தகடா முழுசா ஒரு தடவை மாட்டிப் பாத்தாங்களா? என்ஜின், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், ஸ்டீயரிங், சைலன்சர், பெருசா போடப்போற வீல், பம்பர், எல்லாத்தையும் பெயிண்ட் இல்லாம மாட்டி, எது எதுல இடிக்குதுன்னு பாத்து, வேண்டிய எடத்துல வெல்டு அடிச்சு ஓட்டை போட்டு, அப்புறம் மறுபடி முழுசாக் கழட்டித்தான் பெயிண்டுக்கே போகணும். கஸ்டம் வேலையோட உயிரே இந்த ட்ரையல்லதான் இருக்கு. இதச் செய்ய ரெண்டு மூணு மாசம் கூட ஆகும், கஸ்டமருக்கு அனுப்ப அழகான போட்டோவும் வராது, அதனாலயே சில ஷாப்ல இதத் தாண்டிப் போயிருவாங்க. மேலூர் பக்கம் ஒருத்தரோட ஜீப்பைப் பாக்கப் போயிருந்தேன், அருமையான பெயிண்ட், அதுக்கப்புறம் ஏ.சி. கம்ப்ரசருக்கு பிராக்கெட் வைக்கணும்னு உள்ள வெல்டு அடிச்சிருக்காங்க, சூட்டுல வெளிப்பக்கம் பெயிண்ட் கொப்புளிச்சு, அத மறைக்க மறுபடி பெயிண்ட், ஸ்டீயரிங் ராடு இடிக்குதுன்னு மறுபடி வெட்டு. பாவம் அவரு ஒரே வண்டிக்கு ரெண்டு தடவை பெயிண்ட் காசு குடுத்துட்டாரு. உங்க வண்டிக்கு இந்த ட்ரையல் நடந்ததுக்கு போட்டோ இருக்கான்னு கேளுங்க, என்ஜின் உள்ள உக்காந்திருக்கணும், பாடி வெறும் தகடாவோ ப்ரைமர்லயோ இருக்கணும். அந்த போட்டோ ஒண்ணு இருந்தாலே எனக்கு அந்த ஷாப்பு மேல பாதி நம்பிக்கை வந்துரும்.

உங்க பக்கம் ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காதீங்க. நடுவுல வீலை பெருசாக்கச் சொன்னதா நீங்களே எழுதியிருக்கீங்க. அது போன்ல ஒரு வார்த்தை, ஆனா அங்க மட்கார்டு உள் வளைவை வெட்டணும், ஸ்டீயரிங் முழுசாத் திருப்புனா டயர் இடிக்குதான்னு பாக்கணும், சஸ்பென்ஷன் உயரம் மாறும், ஏற்கனவே முடிச்ச டிங்கரிங் வேலையைப் பிரிக்கணும். அந்த மாத்தத்துக்கு இவ்வளவு எக்ஸ்ட்ரா, இத்தனை நாள் கூடும்னு அவங்க அப்பவே எழுதிக் குடுத்திருக்கணும், குடுக்கல, அது அவங்க தப்பு. ஆனா ஒன்பது லட்சத்துல ஒரு பகுதி அதுக்குப் போயிருக்கும்ங்கறதையும் மனசுல வச்சுக்கிட்டுத்தான் பேசணும்.

காசு எங்க போயிருக்கும்? இது என் கணிப்புதான், உங்க ஷாப்ல இப்படித்தான்னு சொல்ல மாட்டேன். சின்ன கஸ்டம் ஷாப்புகள்ல உங்க அட்வான்ஸ் உங்க வண்டிக்குப் போறது கம்மி, உங்களுக்கு முன்னாடி வந்தவரோட வண்டியை முடிக்க, வாடகைக்கு, பசங்க சம்பளத்துக்குப் போயிரும், உங்க வண்டிக்கு வேலை செய்ய அடுத்து வர்ற ஆளோட அட்வான்ஸ் வேணும். புது வண்டி வர்ற வரைக்கும் ஓடும், வரத்து நின்னா எல்லா வண்டியும் ஒரே நேரத்துல நின்னுரும். அங்க போகும்போது உங்க வண்டி மாதிரி பாதியில நிக்கிற வண்டி எத்தனை இருக்கு, அதுல தூசி எம்புட்டு படிஞ்சிருக்குன்னு ஒரு பார்வை பாருங்க. ஆறேழு வண்டி தூசி தட்டாம நின்னு, வேலை பாக்குற ஆளு ரெண்டே பேரா இருந்தா நீங்க குடுக்கப் போற ரெண்டு லட்சமும் உங்க வண்டிக்குப் போகாது, அத நான் தைரியமாவே சொல்லுவேன்.

அதனால மொத வேலை, இந்த வாரமே நேர்ல போங்க. ஆரப்பாளையத்துல பஸ் ஏறுனா மத்தியானத்துக்குள்ள போயிரலாம், முன்னாடி நாள் சாயங்காலம் மட்டும் சொல்லிட்டுப் போங்க, ஒரு வாரம் முன்னாடியே சொன்னா வண்டியைத் தொடச்சு வச்சிருவாங்க. கூட ஒரு டிங்கரையோ வண்டி தெரிஞ்ச ஆளையோ கூட்டிட்டுப் போங்க, அவருக்கு ஒரு நாள் கூலி குடுத்தாலும் பரவால்ல. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி எடுத்துக்கங்க, பெயிண்ட் மேல கீறல் விழாது. கதவு அடிப்பகுதி, மட்கார்டு ஓரம், டிக்கி கீழ் ஓரம் இங்க எல்லாம் வச்சுப் பாருங்க, கூரையில ஒட்டுற அளவுக்கு இங்க ஒட்டலன்னா உள்ள பட்டி கனமா இருக்குன்னு அர்த்தம். பட்டி போடுறதே தப்புன்னு சிலர் சொல்லுவாங்க, அது சரி கிடையாது, ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனம் வரைக்கும் பட்டி எல்லா நல்ல ஷாப்லயும் போடுவாங்க, ஓட்டையையே பட்டியால அடைக்கிறதுதான் மோசம். ஃபைபர்ல பார்ட் செஞ்சு மாட்டியிருந்தா அங்க காந்தம் ஒட்டவே ஒட்டாது, அதையும் கேட்டு வச்சுக்கங்க.

அப்புறம் வண்டியை லிஃப்ட்லயோ ஜாக்கி ஸ்டாண்டுலயோ ஏத்தி அடியில பாக்கணும், மேல பாக்குறத விட இதுதான் முக்கியம். புதுத் தகடு வச்சிருந்தா அது நாலு பக்கமும் முழுசா வெல்டு ஆயிருக்கா, இல்ல அங்கங்க பொட்டு பொட்டா ஒட்டிட்டு மேல கறுப்பு கோட்டிங் அடிச்சிருக்கான்னு விரல வச்சுத் தடவிப் பாத்தாலே தெரியும். பழைய துருத் தகட்டு மேலயே புதுத் தகட்டை வச்சு ஒட்டியிருந்தா ரெண்டுக்கும் நடுவுல தண்ணி நிக்கும், ரெண்டு மழைக்காலத்துல மறுபடி அரிச்சிரும். ஃப்ளோருக்கு 18 கேஜ் தகடு போடுறதுதான் வழக்கம், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், அதைவிட மெலிசா போட்டிருந்தா கட்டை விரலால அழுத்துனாலே டப்புன்னு அமுங்கும். இன்னொரு டெஸ்ட், நாலு வீலும் தரையில இருக்கும்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்க, அப்புறம் ஒரு பக்கம் பின்னாடி ஜாக்கி வச்சு டயர் லேசா தரையை விட்டு எழும்புற அளவுக்குத் தூக்கி மறுபடி அதே கதவைத் திறந்து மூடுங்க. கேப் மாறுனா, இல்ல கதவு உரசுனா, முதுகெலும்பு பலமா இல்லைன்னு தெரிஞ்சுக்கலாம். அந்த நிலைமையில இருந்தா பெயிண்ட், சீட்டு, வீலு எதப் பத்தியும் பேசாதீங்க, மொதல்ல அது சரியாகணும்.

என்ஜின் மாத்துறதா சொல்லியிருக்காங்க, எந்த என்ஜின்னு நீங்க எழுதல. எதுவா இருந்தாலும் பழசை விட ரொம்ப பவர் கூடுன என்ஜின்னா கூடவே பிரேக்கு, ரேடியேட்டர், பின் ஆக்ஸில்ல இருக்கற கிரௌன் பினியன் கியர் மூணும் அதுக்குத் தகுந்த மாதிரி மாறியிருக்கணும். என்ஜினைப் போட்டோ எடுத்து அனுப்புற ஷாப்பு பிரேக்கைப் போட்டோ எடுத்து அனுப்பாது, நீங்கதான் கேக்கணும். அக்னி நட்சத்திரத்துல கோரிப்பாளையம் சிக்னல்ல பத்து நிமிஷம் நின்னா சூடு ஏறாத வண்டியா இருக்கணும், கோயமுத்தூர் குளுமையில ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுறத வச்சு ஓகே சொல்லிராதீங்க. உங்க பிரியத்துக்காக செய்ற வண்டிதான், ஆனா அதுல உங்க பிள்ளைகளும் உக்காரும், பிரேக்கு விஷயத்துல மட்டும் அவங்க என்ன சமாதானம் சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்க.

ஆர்.சி. பத்தி நீங்க கேக்கவே இல்ல, எனக்கு அதுதான் பெரிய கவலை. 94ல ரிஜிஸ்டர் ஆன வண்டிக்கு 2009ல 15 வருஷம், அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், நேரத்துக்கு செஞ்சு வந்திருந்தா 2014, 2019, 2024. வண்டி ஷாப்ல கிடந்த காலத்துலயே காலாவதி ஆயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, உடனே எடுத்துப் பாருங்க. புதுப்பிக்கணும்னா வண்டியைக் கொண்டு போய் நிறுத்தணும், இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஒப்பிட்டுப் பாப்பாரு. ஆக வெட்டி ஒட்டுனதுல சேசிஸ் நம்பர் அடிச்ச தகடு அப்படியே இருக்கான்னு உங்க கண்ணால பாத்து போட்டோ எடுத்துக்கங்க, அத தொட்டிருந்தா பிரச்சனை வேற லெவலுக்குப் போயிரும். என்ஜின் மாத்தணும்னா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்புல சொல்லியிருக்கு, அதே வருஷம் சட்டத்தத் திருத்தி, அனுமதி இல்லாம மாத்துன ஓனருக்கு ஒரு மாத்தத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூட உண்டுன்னு கொண்டு வந்துட்டாங்க. தண்டனை ஓனருக்கு, அதக் கவனிங்க. வின்டேஜ் நம்பர் வாங்கிரலாம்னு ஷாப்ல யாராவது சொன்னா நம்பாதீங்க, 2021ல வந்த அந்த விதி 50 வருஷம் தாண்டுன வண்டிக்குத்தான், அதுலயும் சேசிஸ், பாடி, என்ஜின்ல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது, கான்டெஸா பொறந்ததே 1984ல. இத்தனையும் தெரிஞ்ச ஷாப்பா இருந்தா வேலை ஆரம்பிக்கும்போதே உங்களை உக்கார வச்சுச் சொல்லியிருக்கணும். என் கருத்து, வண்டியோட ஒரிஜினல் இசுசு என்ஜின் இன்னும் அங்க இருந்தா அதையே நல்லா போர் வேலை, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு சரி பண்ற வேலை செஞ்சு போடச் சொல்லுங்க, ஸ்டைலுக்கு பெயிண்ட், உள் அலங்காரம்னு மாத்திக்கங்க, செலவும் குறையும், பின்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மூச்சு முட்டாது. இன்சூரன்ஸ் நடப்புல இருக்கான்னும் பாத்துருங்க, ஷாப்ல தீ விபத்துன்னா பாலிசி இல்லாத வண்டிக்கு ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க.

சரி, எடுத்துட்டு வரலாமா? கோவத்துல லாரி பிடிச்சுட்டுப் போயிராதீங்க. கழட்டுன வண்டி முழு வண்டி கிடையாது, அட்டைப்பெட்டிகள்ல கிடக்குற போல்ட்டு, லாக்கு, கைப்பிடி, பட்டை, மீட்டர் இதெல்லாம் சேந்தாத்தான் வண்டி, கான்டெஸாவுக்கு ஒரு கதவுக் கைப்பிடி தொலைஞ்சாக்கூட எங்க போய்த் தேடுவீங்க. பிரிச்ச ஆளு வேற, மாட்டுற ஆளு வேறன்னா எது எங்க போகும்னு கண்டுபிடிக்கவே பாதிக் கூலி போயிரும், அடுத்த ஷாப்காரரும் முன்னவர் செஞ்சது எல்லாம் தப்புன்னு சொல்லி மறுபடி ஆரம்பத்துல இருந்து பில் போடுவாரு. சட்டப்படி அவருக்கும் ஒரு பிடி இருக்கு, 1872 ஒப்பந்தச் சட்டம் 170வது பிரிவு, வேலை செஞ்சவனுக்கு செஞ்ச வேலைக்கு உண்டான கூலி வர்ற வரைக்கும் பொருளை வச்சுக்க உரிமை உண்டு. ஆனா அது செஞ்ச வேலைக்கான கூலிக்கு மட்டும்தான், இனிமே செய்யப் போறதுக்கு கேக்குற ரெண்டு லட்சத்துக்காக வண்டியைப் பிடிச்சு வைக்க அந்தப் பிரிவு இடம் குடுக்காதுன்னுதான் நான் புரிஞ்சு வச்சிருக்கேன், வக்கீல்கிட்ட இத உறுதி பண்ணிக்கங்க.

என்னோட யோசனை, அங்க போன அன்னைக்கே சண்டை போடாம மூணு விஷயம் கேளுங்க, இதுவரைக்கும் வாங்கின பார்ட்ஸுக்கு பில், வெளி ஆளுக்குக் குடுத்த கூலிக் கணக்கு, பாக்கி வேலை என்னென்னன்னு ஒரு தாள். பில் இல்லைன்னு சொல்றது இந்தத் தொழில்ல சகஜம், பழைய பார்ட்ஸுக்கு பில் வராது, அத ஒத்துக்கலாம், ஆனா பார்ட்ஸையே காட்ட முடியலன்னா ஒத்துக்க முடியாது. காட்டுனாங்க, அடிப்பகுதி நல்லா இருக்கு, மனுஷன் கேள்விக்கு முகம் பாத்து பதில் சொல்றாருன்னா அங்கயே முடிக்கிறதுதான் உங்களுக்கு லாபம், தாமதம் ஆனதுக்காக நல்ல வேலைக்காரனை விட்டுறாதீங்க. அந்த ரெண்டு லட்சத்தை மட்டும் மொத்தமாக் குடுக்க வேண்டாம். வயரிங் முடிச்சு லைட்டு ஹாரன் எல்லாம் எரிஞ்சா இவ்வளவு, என்ஜின் உக்காந்து ஸ்டார்ட் ஆனா இவ்வளவு, கண்ணாடி சீட்டு முடிஞ்சா இவ்வளவு, வண்டியை நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தப்புறம் கடைசித் தொகைன்னு பிரிங்க, அந்தக் கடைசித் தொகை கொஞ்சம் கனமாவே இருக்கட்டும். பெரிய பார்ட்ஸை உங்க பேர்ல பில் போட்டு நீங்களே வாங்கிக் குடுங்க. பேசுனத அன்னைக்கு ராத்திரியே வாட்ஸப்ல தெளிவா எழுதி அனுப்பி, "சரிதானே அண்ணே"ன்னு கேட்டு அவர் பதில் வாங்கி வச்சுக்கங்க, ஸ்டாம்ப் பேப்பர் இல்லாட்டியும் இது பின்னாடி உதவும்.

அடியில பாக்கவே விடல, பார்ட்ஸைக் காட்டல, இல்ல உங்க ஒரிஜினல் என்ஜினையே காணோம்னா அப்ப கணக்கு வேற. அன்னைக்கே வண்டியையும் பெட்டிகளையும் முழுசா வீடியோ எடுத்துட்டு வந்து, வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே, அதாவது மதுரையிலயே போடலாம், கோயமுத்தூருக்கு அலைய வேண்டியதில்ல. குடுத்த தொகை அஞ்சு லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்ல, உங்களுக்கு அஞ்சுல இருந்து பத்து லட்சத்துக்குள்ள வர்றதால 200 ரூபாய்தான். பிரச்சனை ஆரம்பிச்ச தேதியில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்ங்கறத மறந்துறாதீங்க, அவங்க ஒத்துக்கிட்ட டெலிவரி தேதியை வச்சு வக்கீல்கிட்ட கணக்குப் பாருங்க, உங்களுக்கு டைம் ரொம்ப இல்ல. அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் பதிஞ்சாலும் சில ஷாப்காரங்க இறங்கி வருவாங்க. போலீஸ்ல பெரும்பாலும் சிவில் மேட்டருன்னு அனுப்பிருவாங்க, பார்ட்ஸ் வித்துட்டாங்கன்னு ஆதாரம் இருந்தா மட்டும் அங்க போங்க. எல்லாத்தையும் விட, மாத்தத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கல்லன்னு எதிர்த் தரப்புல எடுத்துப் போடுவாங்க, அதுக்கு வக்கீலைத் தயாரா இருக்கச் சொல்லுங்க.

போய்ட்டு வந்ததும் இங்கயே போட்டோ போடுங்க, பளபளன்னு இருக்கற பக்கம் வேண்டாம், ரெண்டு பக்க ரன்னிங் போர்டும் அடியில இருந்து, முன்னாடி என்ஜினைத் தாங்குற ரெண்டு கையும், டிக்கி உள்ள மேட்டைத் தூக்கிட்டு ஃப்ளோரும், அப்புறம் சேசிஸ் நம்பர் இருக்கற எடம், நம்பரை மட்டும் மறைச்சுட்டு. எந்த என்ஜின் வாங்கி வச்சிருக்காங்கன்னும் எழுதுங்க. அதப் பாத்தா பாக்கி வேலைக்கு ரெண்டு லட்சம் நியாயமா இல்லையான்னு இப்ப சொன்னத விட தெளிவா என்னால சொல்ல முடியும்.